நாற்பதே காலடி

இதில் ஒரு சொட்டுகூட நான் சேர்க்கவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் இந்த முதல் வரியிலேயே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுண்டுவிரல் நீள மீனைப் பிடித்துவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் அதை முழங்கை அளவுக்கு வளர்த்துவிடுகிற ஆள் நான். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் முந்நூறு பேர். நான் சொல்லும்போது ஆயிரத்து இருநூறு. எதிர்வீட்டு நாய் ஒரு தடவை என்னை முறைத்தது. இப்போது அந்தக் கதையில் மூன்று நாய்களும், நான் தாண்டிக் குதித்த எட்டடிச் சுவரும், கிழிந்துபோன ஒரு கால்சட்டையும் இருக்கின்றன. "எங்கப்பா எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க" என்று என் மகள் விருந்தாளிகளை வாசலிலேயே எச்சரித்துவிடுவாள்.

இதை மட்டும் வகுக்காதீர்கள். நேரங்கள்கூட என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தவை. பேய் என்றால் நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது மாலை ஏழேகால் மணிக்கு. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

நான் பூங்காத் துறையில் இருந்தேன். அதில் பதினோரு வருஷம் எனக்கு ஒரே வேலை: ஊர் ஊராகப் போய், கூடாரம் போட்டுத் தங்கும் இடங்களைப் பார்த்து, குடும்பத்தோடு தங்க எது ஏற்றது என்று ஒரு கையேடு எழுதுவது. கழிப்பறை எவ்வளவு தூரம், நிழல் உண்டா, நிலம் சமமா, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால் அந்த இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வீட்டுப் படம் அச்சாகும். அந்த வீட்டைப் பார்த்துவிட்டால் போதும், அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அச்சிட்ட மூன்று பதிப்பும் தீர்ந்துபோயின. லட்சம் பிரதி என்று சொல்வேன். சரி, பத்தாயிரம்.

அதில் நான் கண்டுபிடித்த ஒரு தந்திரம் உண்டு. தூரத்தை மீட்டரில் எழுதமாட்டேன், காலடியில் எழுதுவேன். 'கூடாரத்திலிருந்து கழிப்பறை அறுபது காலடி' என்று எழுதினால் படிப்பவருக்கு நடந்து பார்த்த மாதிரியே இருக்கும். நான் நடந்து பார்த்தேனா என்றால்... பெரும்பாலும் பார்த்தேன். மழை பெய்தால், முழங்கால் வலித்தால், காவலர் அறையில் யாராவது சூடாகக் காபி நீட்டினால், ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிவிடுவேன். பெரிசாக்குவது மட்டுமா, தேவைப்பட்டால் சின்னதாக்குவதும் என் கைவேலைதான். மூன்றாம் பதிப்பு வந்த கையோடு பதவி உயர்வு கொடுத்து என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையேடு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் பள்ளி விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்காவது கூடாரம் போடலாம் என்று பேச்சு வந்தது. பேத்திக்கு ஏழு வயது. எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. என் மகள் ஒரு வாரமாகப் போனில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். இங்கே வேலி இல்லை, அங்கே வெளிச்சம் இல்லை, இன்னொன்றில் யாரோ குறை எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள். எதைப் பார்த்தாலும் அதிலிருந்து பிள்ளை எப்படி விழும் என்றுதான் முதலில் தோன்றும்.

"போனை வை. நான் புத்தகமே எழுதினவன்" என்றேன். "ஏரிக்கரை முகாம். பதினாலாம் நம்பர் இடம். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

"நீங்க நேர்ல பார்த்த இடமாப்பா?"

"ஒவ்வொரு புல்லும் தெரியும்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவிக்குக் கொசு ஆகாது, வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்.

காரில் சுண்டெலியிடம் என் பழைய கையேட்டைக் கொடுத்தேன். புதிதாக வாசிக்கப் பழகின பிள்ளை, கண்ணில் படுகிற எதையும் விடாது. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "பதினான்காம் எண். அடர்ந்த நிழல். சமமான தரை. தண்ணீர்க் குழாய்... நாற்பதே காலடி. ஏழு வயதுக் குழந்தைகூடத் தனியே சென்று தண்ணீர் பிடித்து வரலாம்."

படித்து முடித்ததும் சீட்டில் ஒரு குதி குதித்தாள். "தாத்தா, எனக்கு ஏழு!"

"பார்த்தியா! உனக்குன்னே எழுதியிருக்கேன்."

"அப்ப தண்ணி நான்தான் பிடிப்பேன். யாரும் கூட வரக்கூடாது."

"இருட்டினப்புறம் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது" என்றாள் என் மகள். "அவருதான் எழுதுவாரு, நான்தானே உன்னைத் தேடணும்."

மாலை 4.35. முகாம் வாசல். நான் மட்டும் இறங்கிக் காவலர் அறைக்குப் போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு காவலர், பலகையில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"பதினாலு வேணும்" என்றேன்.

"பதினாலு இல்லைங்களே. பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சுதான்."

"ஏன்?"

"நான் வேலைக்கு வந்ததுல இருந்து அப்படித்தான் சார். பதினஞ்சு எடுத்துக்கோங்க, இன்னிக்கு ஆளே இல்ல. குழாயை எப்பவோ இந்த வாசல் பக்கம் மாத்திட்டாங்க. பின்பக்கம் மட்டும் போக வேணாம். கல் எடுத்த பழைய பள்ளம் ஒண்ணு இருக்கு, தண்ணி நிக்குது. வேலியும் சாஞ்சு கிடக்கு."

நான் தலையை ஆட்டினேன். காரில் ஏறியதும் "இன்னிக்கு ஆளே இல்லன்னாரு காவலர், பதினாலு நமக்குத்தான்" என்று அறிவித்தேன். பள்ளத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் மகள் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பாள். என் புத்தகத்தின் மானம் போயிருக்கும்.

பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில், பெரிய மரத்தடியில், நம்பர் பலகை இல்லாத ஓர் இடம் இருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரப் புல். அந்த இடத்தில் மட்டும் புல் இல்லை. சதுரமாக, பெருக்கி வைத்த மாதிரி வெறும் மண்.

மாப்பிள்ளை கூடாரத்தை விரித்தார். நான்கு மூலையும் அந்தச் சதுரத்தில் கச்சிதமாகப் பொருந்தின. முளைகளை அடிக்கச் சுத்தியலை எடுத்தவர், எடுத்தபடியே நின்றுவிட்டார்.

"மாமா, இங்க பாருங்க. அடிக்கவே வேணாம் போல. கையால அமுக்குனாலே இறங்குது. ஏற்கெனவே ஓட்டை இருந்த மாதிரி."

"நல்ல மண்ணுன்னா அப்படித்தான் மாப்பிள்ளை. அதுக்குத்தானே வீட்டுப் படம் போட்டேன்."

அப்போது மணி 5.10.

6.40க்குச் சூரியன் மறைந்தது. மகள் சூப் வைத்தாள். நான் ஒரு கரடியின் கதையை ஆரம்பித்தேன். கரடி கூடாரத்துக்குள் தலையை நீட்டும் இடம் வந்தபோது சுண்டெலி, "பத்தால வகுத்தா அது பூனையா தாத்தா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

7.05. தண்ணீர் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை பெரிய கேனையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். போகவர இருபது நிமிஷம்.

"நாற்பதுதானே! நான் போறேன்!" என்று சுண்டெலி அழுதாள். அவளுக்கென்று வாங்கின மஞ்சள் கேனைக் கட்டிக்கொண்டு அடம் பிடித்தாள். அம்மா அவளைக் கூடாரத்துக்குள் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் விசும்பல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

வெளியே நான் மட்டும். அடுப்பின் நீலச் சுடர். தவளைச் சத்தம்.

7.15.

கூடாரத்துக்குப் பின்னால் காலடிச் சத்தம். சின்னக் காலடி. காய்ந்த இலை மேல்... சரக்... சரக்... சரக்...

கூடவே ஒரு குரல்.

"பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு..."

குழந்தைக் குரல். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு காலடிக்கும் ஓர் எண். நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். கள்ளி, பின்பக்க ஜிப்பைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். அம்மாவிடம் மாட்டிவிடாமல் எங்கே வரை போகிறாள் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாப்பது."

நின்றது.

டொக். காலிக் கேனைத் தரையில் வைக்கும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை. தவளைகளும் கத்தவில்லை. அவை எப்போது நிறுத்தின என்று நான் கவனிக்கவில்லை.

"சுண்டெலி, போதும் விளையாட்டு. வந்துடு" என்றேன்.

"நான் எங்கயும் போகலையே தாத்தா."

குரல் கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது. எனக்கு இரண்டு முழம் தூரத்தில்.

கையிலிருந்த கரண்டி நழுவிச் சூப்பில் விழுந்தது.

மகள் வெளியே தலையை நீட்டினாள். "யாருப்பா எண்ணினது?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"பக்கத்துல... எவனாவது குடும்பத்தோட வந்திருப்பான்."

"காவலர் ஆளே இல்லன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் பதினைந்தாம் நம்பர் பக்கம், மரங்களுக்கு இடையே இருட்டைப் பார்த்தோம். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். ஒன்றுமில்லை. எங்களுக்குப் பின்னால் கூடாரம் இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

7.26. மாப்பிள்ளையின் டார்ச் வெளிச்சம் வந்தது. கேனை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க இங்கயா இருக்கீங்க மாமா? பின்னாடியே நீங்க போறீங்கன்னுல்ல நினைச்சேன்."

"யார் பின்னாடி?"

"சுண்டெலி பின்னாடி. மரத்துக்கு அந்தப் பக்கம் போனாளே, மஞ்சள் கேனோட. கிசுகிசுன்னு நாப்பது வரைக்கும் எண்ணிட்டு, கேனைக் கீழ வச்சுட்டு நின்னாங்க." டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினார். "கூட ஒரு பொண்ணு இருந்துச்சே... அது யாரு?"

மகள் கூடாரத்துக்குள் பாய்ந்தாள்.

பின்பக்க ஜிப் திறந்து கிடந்தது. படுக்கை மேல் என் கையேடு. மஞ்சள் கேன் இல்லை.

அப்போது இருட்டுக்குள், தூரத்தில்...

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாப்பது."

இரண்டு குரல். ஒன்று சுண்டெலி. இன்னொன்று நான் ஏழேகாலுக்குக் கேட்ட குரல்.

டொக்.

டொக்.

பிறகு, இரண்டு குரலும் சேர்ந்து, மறுபடி...

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மாப்பிள்ளை ஓடினார். மகள் செருப்பில்லாமல் ஓடினாள். அவள் அலறின அலறலில் குழந்தையின் பெயர்கூட முழுதாக வரவில்லை. நான் கடைசியில் ஓடினேன். முழங்கால் இரண்டும் நெருப்பு.

"பதினாறு... பதினேழு..."

எங்களைப் பார்த்து அவர்கள் ஓடவில்லை. நிற்கவுமில்லை. அதே நிதானம். காலடிக்கு ஓர் எண். புல் என் இடுப்பைத் தொட்டது. காலில் ஏதோ தடுக்கியது. சாய்ந்து கிடந்த வேலி.

வேலி... பின்பக்கம்... பள்ளம்!

"இருபத்தஞ்சு... இருபத்தாறு..."

அந்த நொடியில் எனக்கு அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. காவலர் அறை. கையில் காபி. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அன்றைய காவலர் "குழாய் அதோ அங்க" என்றார். மழையில் எதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே எழுதினேன். நாற்பதே காலடி. ஏழு வயதுக் குழந்தைகூட என்ற வரியும் அப்போதுதான் தோன்றியது. படிக்க நன்றாக இருக்கும் என்று சேர்த்தேன்.

"முப்பத்திரெண்டு..."

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"நாப்பது இல்லம்மா! நாப்பது இல்ல! நான் நடந்தே பாக்கல! பொய் எழுதினேன்... பொய்ம்மா... நின்னுடுங்க!"

"முப்பத்தேழு..."

"முப்பத்தெட்டு..."

"முப்பத்தொன்பது..."

நின்றது.

மாப்பிள்ளையின் டார்ச் அவள் மேல் விழுந்தது. சுண்டெலி நின்றுகொண்டிருந்தாள். தனியாக. அவள் கால் விரல் நுனியில் தரை முடிந்துவிட்டது. அதற்கப்பால் கறுப்புத் தண்ணீர்.

வலது கையில் மஞ்சள் கேன். இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

எதையோ பிடித்திருப்பது போல.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் விரிந்தன.

ப்ளக்.

தண்ணீரில் ஒரு வளையம் எழுந்தது. விரிந்தது. அடங்கியது. யாரும் எதையும் எறியவில்லை.

மணி 7.31.

மகள் அவளை வாரி எடுத்தாள். இடது உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

"எங்கடி போனே? யாரு கூடடி போனே?"

"அக்கா கூட." சுண்டெலி அழவில்லை. "அக்காவுக்கும் குழாய் கிடைக்கலம்மா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி, நீ இங்கேயே நில்லு, நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னுச்சு." தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் வரல."

கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மகள் ஒன்று கேட்டாள். "பள்ளம் இருக்குன்னு அந்தக் காவலர் சொன்னாரா, இல்லையா?" பத்தால் வகுக்க ஒன்றுமில்லாத பதில் ஒன்று என்னிடம் இருந்தது. சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுண்டெலிக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், கொறிக்கிறாள், சண்டை போடுகிறாள். ஒன்றே ஒன்றுதான். எதை எண்ணினாலும் முப்பத்தொன்பதோடு நிறுத்திவிடுகிறாள். டீச்சர் எழுதி அனுப்பினாராம். அடுத்தது என்ன என்று கேட்டால், "அக்கா வந்து சொல்லும்" என்கிறாளாம்.

எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எவ்வளவு பெரிய புளுகனாக இருந்தாலும், அந்த ஒரு நிமிஷம் உண்மையைச் சொன்னேன். அதனால்தான் அது நின்றது, பிள்ளை பிழைத்தாள். பதினொரு நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் என் பழைய ஆபீஸுக்குப் போனேன். பதிவறையில் இருக்கும் அம்மாளுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஏரிக்கரை முகாம், பதினாலாம் எண் என்று சொன்னதும், அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே எழுந்து போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்து வைத்தார்.

"உங்ககிட்ட அப்பவே யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன் சார்."

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கோப்பு. பதினாலாம் எண்ணில் தங்கிய ஒரு குடும்பம். ஏழு வயதுப் பெண் குழந்தை. மாலை ஏழேகாலுக்குக் காலிக் கேனோடு தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வரவில்லை. அதன் பிறகு அளந்து பார்த்திருக்கிறார்கள். கூடாரத்திலிருந்து அப்போதைய குழாய் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. வழியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. குழாய்க்கு இடது பக்கம் திரும்பவேண்டும். நேரே போனால் பள்ளம். பள்ளத்தின் விளிம்பு, குழந்தையின் காலடிக் கணக்கில், நூற்றிருபது.

கூடவே என் கையேட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு.

கடைசித் தாள், அந்தக் குழந்தையின் தாய் கொடுத்த வாக்குமூலம். அதை நான் மூன்று தடவை படித்தேன். இப்போதும் மனப்பாடமாகத் தெரியும்.

'பக்கத்தில்தான் குழாய் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் அனுப்பினேன். எனக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணிக்கொண்டே போகச் சொன்னேன். நாற்பது வரை எண்ணினாள். குழாய் இல்லை போலிருக்கிறது, மறுபடி ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்ணினாள். மூன்றாவது தடவை முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. குழாய் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.'

முப்பத்தொன்பது.

அன்றைக்கு அங்கே நிற்கச் சொல்லி யாரும் கத்தவில்லை.